குடும்பத்துடன் வருக

சபாக்களின் மாத நிகழ்ச்சி நிரலை விமர்சனத்துக்குரிய விஷயமாக நம்மில் யாரும் எடுத்துக்கொண்டதில்லை. கச்சேரியை விமர்சித்திருக்கிறோம். நாடகத்தை விமர்சித்திருக்கிறோம். சினிமாவைத் திட்டித் திட்டி ஓய்ந்திருக்கிறோம். ஆனால் இம்மூன்றையும் ஒரே அட்டையில் அச்சடித்து, மாதம் தவறாமல் தபாலில் சேர்த்து, நகரத்து மத்தியதர வர்க்கத்தின் இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு இதுதான் கலை என்று பழக்கிவிட்ட ஸ்தாபனம், கலை பற்றியும் மனிதர்கள் பற்றியும் என்ன அபிப்பிராயம் வைத்திருந்தது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை. கேள்வி கேட்கக்கூடத் தகுதியில்லாத இடம் என்று நினைத்தோம். அந்த நினைப்பில் கொஞ்சம் நியாயமும் நிறைய அகந்தையும் இருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

என்னிடம் அப்படிப்பட்ட அட்டைகள் சில இருக்கின்றன. எழுபதுகளில் சென்னையில் ஒரு சபா எங்கள் வீட்டுக்கு அனுப்பியவை. சபாவின் பெயர் முக்கியமில்லை. அந்த நாளில் எல்லாச் சபாக்களின் அட்டையும் ஏறக்குறைய ஒரே அச்சுத்தான். முதல் வாரம் வாய்ப்பாட்டு. இரண்டாம் வாரம் நாடகம்; தலைப்புக்குக் கீழே ‘முழுநீள நகைச்சுவை’ என்று ஒரு உத்தரவாதம். மூன்றாம் வாரம் பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரில் ஒரு பழைய படம். நான்காம் வாரம் ஹரிகதை. பள்ளி விடுமுறையாக இருந்தால் மாஜிக் அல்லது பொம்மலாட்டம். ஆண்டுச் சந்தாவுக்கு இரண்டு நாற்காலி. அட்டையின் அடியில் ஒரு வரி: ‘அங்கத்தினர்கள் குடும்பத்துடன் வந்து கண்டு களிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ‘குடும்பத்துடன்’ என்பது உபசார வார்த்தையாகத் தோன்றும். ஆனால் நம் சபாக்களின் சரித்திரத்தில் அந்த வார்த்தை இரண்டு முறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒருமுறை, மேடையில் யார் நிற்கலாம் என்பது பற்றி. இன்னொரு முறை, மேடையில் என்ன சொல்லலாம் என்பது பற்றி. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

2

1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி; 1928-ல் தொடங்கியது. 1931-ல் இந்த அகாடமி ஒரு காரியம் செய்தது. திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் ராஜலக்ஷ்மி, ஜீவரத்தினம் இருவரையும் அழைத்துச் சதிராட்டம் ஆட வைத்தது. மறு வருஷம் பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒரு பக்கம், வக்கீல் இ. கிருஷ்ணய்யர் மறு பக்கம். முத்துலட்சுமி ரெட்டியின் கோபம் சிறு பெண்களைப் பொட்டுக்கட்டிச் சீரழிக்கும் வழக்கத்தின் மேல் வந்த கோபம்; அதை இன்று சிறுமைப்படுத்திப் பேசுவது அநியாயம். ஆனால் அகாடமி அசையவில்லை. 1933-ல் பாலசரஸ்வதி அங்கே ஆடினார். சபை நாகரிகம் முகம் சுளித்த ஒரு கலையை, சபை நாகரிகத்தின் உச்சியில் இருந்த ஒரு ஸ்தாபனம் தன் பொறுப்பில் மேடையேற்றிய நாட்கள் அவை. சபா என்றாலே கோழைத்தனம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது நினைவில் இருக்க வேண்டும்.

பிறகு நடந்தது வேறு. 1935-ல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடை ஏறினார். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கலை காப்பாற்றப்பட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். எப்படி என்று எழுதும்போது எல்லோர் பேனாவிலும் ஒரே சொற்றொடர் வந்து விழுந்தது: ‘குடும்பப் பெண்கள் ஆட முன்வந்தார்கள்.’ இன்றைக்கும் நடன விழா மலர்களில் இந்த வாக்கியத்தைப் பார்க்கலாம். எழுதுகிறவர்கள் இதைப் பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். அப்படியானால் அதுவரை ஆடியவர்களுக்குக் குடும்பம் இல்லையா?

வீணை தனம்மாள் 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். அதற்கு அட்டை கிடையாது, சந்தா கிடையாது, ‘நகைச்சுவை’ உத்தரவாதம் கிடையாது. அவர் வாசிக்கும்போது சப்தம் செய்ய யாருக்கும் தைரியம் இருந்ததில்லை என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்கள் பாடினார்கள். பேரக் குழந்தைகள் அந்தச் சங்கீதத்தின் நடுவிலேயே வளர்ந்தன. பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி. பேரன்கள் விஸ்வநாதன், ரங்கநாதன். பாலசரஸ்வதி ஆட அவர் தாயார் ஜயம்மாள் பாடினார். புல்லாங்குழலோடு விஸ்வநாதன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை போய்ப் பாடம் சொன்னார். நம் சங்கீத உலகத்தில் பாட்டியும் தாயும் குழந்தையும் ஒரே கூடத்தில், ஒரே விஷயத்தில் முழுகி இருந்த இடம் ஒன்றைக் காட்டு என்றால் இந்த வீட்டைத்தான் காட்ட வேண்டும். ‘குடும்ப நிகழ்ச்சி’ என்ற பெயர் எதற்காவது பொருந்துமானால் இதற்குத்தான் பொருந்தும். அந்தப் பெயருக்கு அருகதை இல்லாதது என்று தீர்ப்பானதும் இதே வீடுதான்.

அகாடமி 1973-ல் பாலசரஸ்வதிக்கும் 1976-ல் பிருந்தாவுக்கும் சங்கீத கலாநிதி கொடுத்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் விருது தனி மனிதருக்கு. அந்த மனிதரை உருவாக்கிய கூடத்துக்கு, அதே மாதிரி ஊர் ஊராக இருந்த நூற்றுக்கணக்கான கூடங்களுக்கு, என்ன ஆயிற்று? சபா கட்டிடங்கள் எழுந்த அதே காலத்தில் அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இந்த இரண்டும் தற்செயலாக ஒரே சமயத்தில் நடந்தவை என்று நான் நினைக்கவில்லை. எது குடும்பம் என்று தீர்மானித்த பிறகே குடும்பத்துடன் வரச் சொல்லி அட்டை அடித்திருக்கிறார்கள்.

3

இரண்டாவது தீர்ப்பு அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்தது. அப்போது நாடகம் சபாக்களின் கைக்கு வந்திருந்தது. இதன் பொருளாதாரம் எளிமையானது. சபா தன் அங்கத்தினர்களுக்காக நாடகத்தை ஒரு தொகைக்கு மொத்தமாக வாங்கும். ஒரு குழு இப்படிப் பத்து இருபது சபாக்களில் ஒரே நாடகத்தைப் போட்டால்தான் செட் செலவு கட்டும். ஆகவே நாடகாசிரியன் எழுத உட்காரும்போது அவன் எதிரே பார்வையாளன் இல்லை. சபா காரியதரிசி உட்கார்ந்திருக்கிறார். காரியதரிசியின் எதிரே அங்கத்தினர். அங்கத்தினரின் பக்கத்து நாற்காலியில் குடும்பம். இந்த வரிசையில் யாரும் வில்லன் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகப் பயப்பட்டார்கள், அவ்வளவுதான். பாலசந்தரைப் போன்ற திறமைசாலிகள் இந்த எல்லைக்குள்ளேயே எவ்வளவு நகர முடியுமோ அவ்வளவு நகர்ந்து, சீக்கிரமே சினிமாவுக்குப் போய்விட்டார்கள். ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘எதிர் நீச்சல்’ எல்லாம் மேடையிலிருந்து திரைக்குப் போனவைதான்.

நாடகப் பிரதியைப் போலீஸில் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று 1954-ல் ஒரு சட்டம் இருந்தது. பரீக்ஷா ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளை ரத்து செய்தது. நல்ல காரியம். ஆனால் ‘குடும்பத்துடன்’ என்ற ஒற்றை வார்த்தை செய்த தணிக்கையில் பத்தில் ஒரு பங்கை அந்தச் சட்டம் செய்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அந்த வார்த்தைக்கு எதிராக எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

இதில் ஒரு பெரிய பொய் இருந்தது. குடும்பம் கஷ்டமானதைத் தாங்காது என்பதுதான் அது. நம் கிராமத்துக் குடும்பங்கள் தெருக்கூத்தில் தலைமுறை தலைமுறையாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தன? விடிய விடியத் திரௌபதியின் துகிலுரிதலைப் பார்த்தன. கர்ணன் சாவதைப் பார்த்தன. கைக்குழந்தை மடியில், கிழவி பாயில், இளவட்டங்கள் பின்னால். யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தைப் பார்த்துத் திகைத்த ந. முத்துசாமி, 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதற்கு இந்தத் திகைப்பும் ஒரு காரணம். அவருடைய நாடகங்கள் சபா அட்டைகளில் இடம் பெறவில்லை. அதில் ஆச்சரியமில்லை. திரௌபதி அம்மன் கோவில் திடலில் உட்கார்ந்திருந்த குடும்பத்தின் பேரன் பேத்திகளுக்கு, இரண்டு மணிநேரச் சிரிப்புக்கு மேல் தாங்காது என்று காரியதரிசிகள் தீர்மானித்ததுதான் ஆச்சரியம்.

என் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மாதம் எங்கள் சபாவில் சினிமா வாரத்தில் ‘பதேர் பாஞ்சாலி’ போட்டார்கள். எப்படியோ கிடைத்த பிரதி. வேறு படம் அகப்படாமல் போட்டதாகக்கூட இருக்கலாம். வங்காளி பேச்சு, இங்கிலீஷ் எழுத்து. என் அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. அரைமணி நேரத்தில் நாற்காலிகள் நகரும் சப்தம் ஆரம்பித்தது. பாதிப் படத்தில் பாதிக் கூட்டம் காண்டீனில் இருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, “அந்தக் கிழவி தண்ணி கேட்டாளே, ஒரு டம்ளர் எடுத்துக் குடுத்திருக்கலாம் அவ” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நானும்தான் உங்க பாட்டிக்குக் குடுக்கலை” என்றாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பேசாத விஷயம் அது.

மறுமாத அட்டையில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. சென்ற மாதத் திரைப்படத்தால் அங்கத்தினர்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று. அந்த அட்டைதான் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு குடும்பத்துக்குள் நடந்தே ஆகவேண்டிய ஒரு பேச்சைத் தொடங்கி வைத்த ஒரே நிகழ்ச்சிக்குச் சபா மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

4

இவ்வளவும் சபாவைப் பற்றி. நம்மைப் பற்றி?

நாம் பிலிம் சொசைட்டிக்குப் போனோம். 1959-ல் சத்யஜித் ரே தலைமையில் பிலிம் சொசைட்டிகளின் சம்மேளனம் ஏற்பட்டது. நாடு முழுக்க சொசைட்டிகள் முளைத்தன. தூதரகங்களிலிருந்தும் பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்தும் படங்கள் வந்தன. அங்கத்தினர்களுக்கு மட்டும் காட்டுவதால் அயல்நாட்டுப் படங்களுக்குத் தணிக்கை விலக்குக் கிடைத்தது. அதை எதிர்பார்த்துச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். குறிப்பிட்ட நாட்டுப் படம் என்றால் அரங்கு நிரம்பும், வேறு படம் என்றால் காலியாகும். இதையெல்லாம் அப்போதே கேலி செய்தாயிற்று. நான் சொல்ல வருவது வேறு. நாம் யாருமே அங்கே அம்மாவை அழைத்துப் போகவில்லை. மனைவியை அழைத்துப் போனவர்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். சபா எந்த வார்த்தையைத் தன் வாசலில் எழுதி வைத்ததோ அதே வார்த்தையை நாமும் ஏற்றுக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். குடும்பத்துக்கு உகந்தது மட்டம். குடும்பத்துக்கு உகக்காதது உயர்ந்தது. காரியதரிசி குடும்பத்தை மதித்த லட்சணம் அது என்றால் நாம் மதித்த லட்சணம் இது. இரு தரப்புக்கும் குடும்பம் என்றால் அறிவு குறைந்தவர்களின் கூட்டம்தான். அவர் அதற்குத் தீனி போட்டார், நாம் அதை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

படம் முடிந்து டீக்கடை வாசலில் நின்று பெர்க்மனையும் அந்தோனியோனியையும் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போய், எங்கே போயிருந்தாய் என்று கேட்டவர்களுக்கு, ‘சும்மாத்தான்’ என்று பதில் சொல்லியிருக்கிறேன். நவீன கலைப் பிரக்ஞை தமிழ்நாட்டில் ஏன் பரவவில்லை என்று முப்பது பேர் கொண்ட கூட்டங்களில் பிறகு நாமே விசாரித்தோம். அந்த ‘சும்மாத்தா’னில் கொஞ்சம் விடை இருக்கிறது.

5

இதற்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது, அதுவும் பக்கத்து மாநிலத்தில். கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டம் சாகரத்துக்கு அருகில் ஹெக்கோடு என்று ஒரு சின்னக் கிராமம். பாக்குத் தோட்டங்கள். 1949-ல் ஊர்க்காரர்கள் பொழுதுபோக்காக நாடகம் போட ஒரு சங்கம் வைத்தார்கள். நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம், சுருக்கமாக நீநாசம். அந்த ஊர்க்காரரான கே. வி. சுப்பண்ணா அதை வளர்த்தார். 1972-ல் சிவராம காரந்தின் பெயரில் ஒரு அரங்கு எழுந்தது. 1973-ல் ஒரு பிலிம் சொசைட்டி. 1980-ல் நாடகப் பள்ளி. 1985-லிருந்து ‘திருகாட்ட’ என்ற நாடகக் குழு வருஷாவருஷம் கர்நாடகம் முழுக்கச் சுற்றி வருகிறது. 1991-ல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2005-ல் அவர் காலமானார். ஸ்தாபனம் நிற்கவில்லை.

ஹெக்கோட்டை ஒரு புண்ணிய க்ஷேத்திரமாக்குவது என் நோக்கமில்லை. நிலம் வைத்திருந்தவர்களின் முயற்சி அது. கிராமத்து சாதி அடுக்குகள் அரங்கின் வாசலோடு மறைந்துவிடுவதில்லை. எண்பதுகளில் ஒரு திட்டத்துக்கு ஃபோர்டு அறக்கட்டளைப் பணம் வந்ததைப் பற்றியும் கேள்விகள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். அந்த அரங்கு தன் ஜனங்களைப் பிரிக்கவில்லை. ரேயும் குரோசாவாவும் அங்கே தோட்ட வேலை முடித்து வந்தவர்கள் முன்னால் ஓடினார்கள். ஷேக்ஸ்பியரும் பிரெக்டும் கன்னடத்தில் பேசினார்கள். வேற்று மொழிப் படத்தைக் கன்னடத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்தது. சினிமாவைப் பற்றிக் கன்னடத்தில் படிக்கப் புஸ்தகம் போடப்பட்டது. பார்த்த பிறகு உட்கார்ந்து பேசினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கலாசார முகாமில் பகல் முழுவதும் விவாதம், ராத்திரி நாடகம். யு. ஆர். அனந்தமூர்த்தி போன்றவர்கள் அங்கே வெறும் பிரசங்கிகளாக வந்து போகவில்லை, கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தார்கள்.

நம் சபா அட்டையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டையில் இருந்த அதே சங்கதிகள்தான்: நாடகம், சினிமா, பாட்டு. வித்தியாசம் பட்டியலில் இல்லை. எங்கள் சபாவில் ‘பதேர் பாஞ்சாலி’ போட்ட அன்று விளக்கு அணைவதற்கு முன் ஒருவர் எழுந்து, இது ஒரு ஏழைக் குடும்பத்தின் கதை, இதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நான் ஏன் நினைத்தேன் என்றால் என்று ஐந்து நிமிஷம் தமிழில் சொல்லியிருந்தால், படம் முடிந்து விளக்கு வந்ததும் வாசலுக்கு ஓடாமல் அங்கேயே நின்றிருந்தால், என் அம்மா அந்தத் தண்ணீர் டம்ளரைப் பற்றிச் சபையிலேயே பேசியிருப்பாளா? பேசியிருக்க மாட்டாள். ஆனால் வேறு யாராவது பேசியிருப்பார்கள், அவள் கேட்டிருப்பாள். தான் தனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மறுமாதம் மன்னிப்பு அச்சாகியிருக்காது.

தேர்ந்தெடுப்பவன் தன் தேர்வுக்குப் பொறுப்பேற்று ஜனங்களின் முன்னால் நிற்பது. ஹெக்கோட்டில் இருந்ததும் நம்மிடம் இல்லாததும் இது ஒன்றுதான். காரியதரிசி அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நாம் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

6

இன்று தபாலட்டை வருவதில்லை. செய்தி கைபேசிக்கு வருகிறது. சபா நாடகம் எண்பதுகளிலேயே தொலைக்காட்சியின் முன் தேய ஆரம்பித்தது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975-ல். சிரிப்பு மட்டும் போதுமென்றால் அதற்கு பஸ் ஏறிப் போக வேண்டியதில்லை என்று குடும்பங்கள் கண்டுகொள்ள அதிக காலம் பிடிக்கவில்லை. மார்கழியில் மட்டும் அரங்குகள் நிரம்புகின்றன. மற்ற மாதங்களில் முன் வரிசைகளில் நரைத்த தலைகள். நிகழ்ச்சிக் குறிப்பில் மட்டும் இன்னமும் ‘குடும்பத்துடன் வருக’ என்று பார்க்கிறேன். யாரை அழைக்கிறார்கள்? வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு திரை. பாட்டி பார்ப்பது பேத்திக்குத் தெரியாது. பேத்தி பார்ப்பது யாருக்குமே தெரியாது. எது யாருக்கு உகந்தது என்று இப்போது எந்தக் காரியதரிசியும் தீர்மானிக்க வேண்டியதில்லை. அதை ஒரு இயந்திரம் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் தீர்மானித்துக் கொடுத்துவிடுகிறது. நாம் ஒரு காலத்தில் கேட்ட சுதந்திரம் இதுதானோ என்று சந்தேகமாக இருக்கிறது. அவரவர் ரசனை அவரவர்க்கு. குடும்பத்தின் தொல்லை இல்லை.

ஆகவேதான் நான் கேலி செய்த அந்த அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தான் தேர்ந்தெடுக்காத ஒன்றின் முன்னால், தன் வீட்டு மனிதர்களோடும் அடுத்த வீட்டு மனிதர்களோடும், எழுந்து போகக் கூச்சப்பட்டாவது இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயத்தை மாதத்தில் நாலு நாள் அது ஏற்படுத்தியது. அந்தக் கட்டாயத்தை சபாக்கள் வீணடித்தன. நாம் அதன் மதிப்பையே உணரவில்லை. அரங்குகள் இன்னும் இருக்கின்றன, நாற்காலிகள் இருக்கின்றன, வாடகைக்குக் கல்யாண வரவேற்பு நடக்காத நாட்களும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் போதும். ஒரு படம், அல்லது ஒரு பாட்டு, அல்லது ஒரு கூத்து. ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று முன்னால் வந்து சொல்ல ஒருவர். முடிந்த பிறகு ஓடிப் போகாமல் அவரே அங்கே நிற்பது. நகைச்சுவை என்று உத்தரவாதம் வேண்டாம்.

குடும்பத்துடன் வருக என்று அதன் கீழும் எழுதலாம். இந்தத் தடவை யாரை வெளியே நிறுத்துவதற்காகவும் இல்லாமல்.